மன்னார்குடித் திருவிழாவில் ஒரு தார்த்தூஃப்

மோலியேரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் பாரிசில் தொடங்கிப் பாரிசிலேயே முடிந்துவிடுகின்றன. ஒரத்தநாட்டில் அமர்ந்து அவரைப் படிக்கும் நமக்கோ, அவருக்கு அடுத்த தலைமுறையில் நம் பக்கத்திலேயே அங்கத நாடகம் எழுதிய ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர், 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி.

மோலியேரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1622இல் பாரிசில் பிறந்த அவருடைய இயற்பெயர் ழான் பத்தீஸ்த் போக்லேன். தந்தை அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை அமைத்துத் தருபவர். மகன் அத்தொழிலை விட்டு நாடகக் குழு தொடங்கினார். கடன்பட்டுச் சிறை சென்றார். பதின்மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்தார். 1658இல் பதினான்காம் லூயி மன்னர் முன் நடித்த பிறகே வாழ்வு வந்தது. பக்தி வேடமிட்டுப் பிறர் வீட்டில் புகுந்துகொள்ளும் கயவனைப் பற்றிய ‘தார்த்தூஃப்’ 1664இல் அரங்கேறியதும் தடைசெய்யப்பட்டது. ஆசிரியரையே எரிக்க வேண்டும் என்று எழுதிய பாதிரியாரும் உண்டு. மன்னருக்கு விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதி, 1669இல்தான் அனுமதி பெற்றார். 1673 பிப்ரவரியில், நோயாளியாகத் தம்மைக் கற்பனை செய்துகொள்பவனின் வேடத்தில் நடித்த அன்றிரவே மோலியேர் இறந்தார். நடிகர் என்பதால் திருச்சபை முறையான அடக்கத்தை மறுத்தது. மனைவி மன்னரிடம் முறையிட்ட பின், ஆரவாரமின்றி இரவில் புதைத்தனர்.

அதே 1673இல்தான் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி முடிந்தது. மதுரைப் படையோடு போரிட்டு மாண்ட விஜயராகவ நாயக்கரும் நாடக ஆசிரியரே. மன்னார்குடி இராஜகோபாலனுக்கே தம்மை அடிமையாக்கிக்கொண்டவர். சில ஆண்டுகளில் தஞ்சை மராட்டியரான ஏகோஜியின் கைக்கு வந்தது. ஏகோஜியின் மகனே சகஜி. தாய்மொழி மராத்தியாயினும் நாயக்கர் அவை மரபைத் தொடர்ந்து தெலுங்கில் யட்சகானங்கள் எழுதினார். தமிழும் மராத்தியும் உட்பட ஐந்து மொழிகள் ஒலிக்கும் ‘பஞ்சபாஷா விலாசம்’ என்ற நாடகமும் அவருடையதே.

அவற்றுள் நம்மை நிறுத்துவது ‘சதீதான சூரமு’; மனைவியைத் தானம் செய்த வீரன் என்று பொருள். களம், மன்னார்குடி இராஜகோபாலன் திருவிழா. மாணவனோடு வரும் மோரோபட்டு என்ற அந்தணர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியைக் கண்டு மயங்குகிறார். மாணவன் ஆசிரியருக்கு அறம் போதிக்கிறான். அந்தப் பெண்ணே தன் குலத்தைச் சொல்லி விலகச் சொல்கிறாள். பட்டர் அசைவதாயில்லை, கற்ற சாத்திரமெல்லாம் காமத்துக்கு வக்காலத்து வாங்கப் பயன்படுகிறது. கணவன் வருகிறான். அந்தணர் கேட்டதை இல்லை என்னலாகாது என்று மனைவியையே தானமாகக் கொடுக்கிறான். இறுதியில் சிவபெருமான் தோன்றி அருள்கிறார்.

தமிழ் படித்தவர்க்கு இங்கே இயற்பகை நாயனார் நினைவுக்கு வராமல் போவாரா? பெரியபுராணத்தில், அந்தணராய் வந்து மனைவியைக் கேட்டவர் இறைவனே. எனவே கதை பக்தியாகிறது. சகஜியின் நாடகத்தில் கேட்பவர் வெறும் பட்டர். அதனால் அதே கதை சிரிப்பாகிறது. இது தற்செயல் என்று நாம் கருதவில்லை. சகஜி திருவாரூர்த் தியாகேசரின் அடியவர். சைவக் கதையைத் தலைகீழாக்கி, முந்தைய அரசகுலம் போற்றிய வைணவத் தலத்தில் நடத்தி, முடிவில் தம் கடவுளை அங்கே வரவழைக்கிறார். குறும்பு பல அடுக்குகள் கொண்டது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மோலியேர் சிரித்தது கீழிருந்து; அதற்கு விலை கொடுத்தார். சகஜிக்குத் தடை போட யாருமில்லை. 1693இல் திருவிசைநல்லூரை நாற்பத்தாறு பண்டிதர்க்கு மானியமாக வழங்கிய கைதான் மோரோபட்டையும் எழுதியது. மானியம் பெற்றவர்கள் கோபித்துக்கொள்ளவா முடியும்? அரியணையிலிருந்து வரும் அங்கதம், ஊரைத் திருத்துவதைவிட அவையை மகிழ்விப்பதிலேயே நிறைவடைந்துவிடுகிறது என்பது நம் எண்ணம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. தெளிவாகப் பேசியவள் அந்தப் பெண், தானப்பொருளானவளும் அவளே. இயற்பகையார் மனைவிக்கும் நேர்ந்தது அதுதான். வீரப்பட்டம் இரண்டு கதைகளிலும் கணவனுக்கே. ‘தார்த்தூஃப்’பில் கயவனின் முகமூடியைக் கிழிக்கத் திட்டமிடுபவளே வீட்டுத்தலைவி எல்மீர், கணவனை மேசையடியில் ஒளித்துவைத்து உண்மையைக் கேட்கச் செய்கிறாள். இந்த ஓரிடத்தில் மோலியேரை ஒரு படி மேலே வைக்கத் தயங்கமாட்டோம்.

மோலியேரின் குழு 1680இல் இன்னொரு குழுவோடு இணைக்கப்பட்டு ‘கொமெதி பிரான்சேஸ்’ ஆயிற்று. அங்கே அவர் இன்றும் நடிக்கப்படுகிறார். சகஜி தியாகேசர்மீது எழுதிய பல்லக்கு சேவைப் பிரபந்தத்தைத் திருவாரூர்க் கோயிலில் தேவதாசியர் இருபதாம் நூற்றாண்டு வரை பாடி ஆடினர். மோரோபட்டைப் பற்றியோ பெரும்பாலும் ஆய்வாளர் நூல்களில்தான் படிக்க முடிகிறது. மன்னார்குடியில் பங்குனித் திருவிழா மட்டும் இன்றும் பதினெட்டு நாள் நடக்கிறது.