நம் குறையைச் சபையில் சொல்பவர் யார்?

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறோம். நம் தாத்தா பாட்டிக்கு அப்படி ஒருவர் இருந்தாரா?

1928இல் எஸ். வீராசாமி என்ற வழக்கறிஞர், கூட்டு மலாய் மாநிலங்களின் சபையில் முதல் இந்திய உறுப்பினரானார். அவரை நியமித்தது அரசாங்கம். பால் வெட்டியவர்கள் அல்லர். வாக்கு இல்லாத மக்களுக்குத் தங்கள் விருப்பத்தைச் சொல்ல வேலை நிறுத்தமே வழியாயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட மக்கள் சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பதிலாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1955இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. குடியுரிமை இல்லாததால் நம்மவரில் மிகச் சிலரே வாக்களித்தனர். 1957இல் சுதந்திரம் வந்தபின் குடியுரிமை பெற்றவர் பெருகினர். வாக்காளர் பட்டியலில் நம் பெயர்களும் ஏறின.

அந்த வாக்கின் வலுவை நம் ஈஜோக் தொகுதி காட்டியது. 2007இல் அங்கு வாக்காளரில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியராக இருந்தனர். 2007 ஏப்ரல் 28 இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் கே. பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஓராண்டு நிறைவதற்குள், 2008 மார்ச்சில், அதே தொகுதி கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராகிமைத் தேர்ந்தெடுத்தது. அவர் சிலாங்கூரின் மந்திரி பெசாரானார். எந்தக் கட்சி நல்லது என்பது நம் பேச்சன்று. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதே பாடம். அந்த அச்சம் இருக்கும்வரைதான் உறுப்பினர் நம் பேச்சுக்குச் செவி கொடுப்பார்.

இன்னொன்றையும் கவனிப்போம். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் 1928இல் போலவே நியமனம் பெறுகிறவர்கள். ஆகவே சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும்கூட, நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரைத்தான் நெருக்கிக் கேட்க வேண்டும். நிலம் மாநிலத்தின் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் மாநிலமும் கூட்டரசும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு. தொழிலாளர் சட்டமும் குடியுரிமையும் கூட்டரசின் பொறுப்பு. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும்.

தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தோர் தாமாகவே வாக்காளர் ஆகிறார்கள். ஆனால் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுவது நம் வேலை. மாற்றாவிட்டால் வாக்கு பழைய ஊரிலும் குறை புதிய ஊரிலுமாக இருக்கும். இன்றிரவே வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்துப் பார்ப்போம்.