வளைகுடாச் சம்பளமும் ஊர்ச் சம்பளமும்: ஒப்பிடுவது எப்படி?

"கத்தாரில் 1,800 ரியால் சம்பளம். நம்ம ஊர்க் காசுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் வரும்." இப்படி ஒரு வார்த்தையை நம்பி நகையை அடகு வைத்துப் பிள்ளையை சபருக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த வார்த்தை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே பயணத்தை முடிவு செய்ய வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியம் என்றால் என்ன?

ஒரு முதலாளி சட்டப்படி இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அரசு வகுக்கும் எல்லையே குறைந்தபட்ச ஊதியம். இந்தியாவில் இதற்கான சட்டம் 1948இல் வந்தது. தொழிலாளியின் குடும்பத்துக்கு என்னென்ன தேவை என்பதை வைத்து இந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வரையறுத்தது. உணவு, துணி, வீட்டு வாடகை, எரிபொருள் ஆகியவை அதில் இடம்பெற்றன. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது.

விலைவாசி இடத்துக்கு இடம் மாறுவதால் கூலியும் மாறுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்கான தினக்கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய், கேரளத்தில் 369 ரூபாய், ஹரியானாவில் 400 ரூபாய். ஒரே நாட்டுக்குள், ஒரே திட்டத்திலேயே இவ்வளவு வேறுபாடு.

நாட்டுக்கு நாடு சட்டம்

கத்தார்: 2020ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம் 2021 மார்ச் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும், உணவு தராவிட்டால் 300 ரியாலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எந்த நாட்டவர் என்ற பாகுபாடு இல்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குவைத்: தனியார் துறைக்கு 75 தினார், வீட்டு வேலைக்கு 60 தினார்.

சவூதி அரேபியா: அடிக்கடி கேள்விப்படும் 4,000 ரியால் சவூதி குடிமக்களை வேலைக்கு வைக்கும் ஒதுக்கீட்டுக் கணக்குக்கானது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது உரிமையாகாது.

ஐக்கிய அரபு அமீரகம்: 2021இல் வந்த தொழிலாளர் சட்டம் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்தது. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அப்படியொரு பொதுத்தொகை அறிவிக்கப்படவில்லை. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே எல்லை.

மலேசியா: 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். வீட்டு வேலை செய்பவர்கள் இதில் அடங்க மாட்டார்கள்.

சிங்கப்பூர்: எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது.

ஒரு சம்பளம், இரண்டு செலவுகள்

சபுராளியின் சம்பளம் இரண்டு இடங்களில் செலவாகிறது. அங்கே சாப்பிட்டு, தங்கி, போன் பேசச் செலவாகும் பகுதியை அந்த ஊர் விலையில்தான் பார்க்க வேண்டும். அதை ரூபாயாக மாற்றுவதில் பொருளில்லை. ஊருக்கு அனுப்பும் பகுதியை மட்டும் ரூபாயாக மாற்ற வேண்டும். முழுச் சம்பளத்தையும் ரூபாயாக்கிப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். எளிமைக்காக ஒரு ரியாலை 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவுத் தொகைகளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே.

முதலாமவருக்கு 1,800 ரியால். அறையும் சாப்பாடும் அவர் பொறுப்பு. பெட் ஸ்பேஸ் 500, சாப்பாடு 400, போன் மற்றும் சில்லறைச் செலவு 150 என்றால் மொத்தம் 1,050 ரியால். மீதி 750 ரியால், அதாவது 17,250 ரூபாய்.

இரண்டாமவருக்கு 1,000 ரியால்தான். அறையும் சாப்பாடும் கம்பெனி தருகிறது. கைச்செலவு 150 போக 850 ரியால் மிஞ்சும். அது 19,550 ரூபாய்.

காகிதத்தில் சிறிய சம்பளமாகத் தெரிந்ததே வீட்டுக்கு அதிகம் அனுப்புகிறது.

இப்போது ஊரில் 18,000 ரூபாய்க்கு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தன் சாப்பாடு, போக்குவரத்துக்கு 4,000 ரூபாய் போனால் வீட்டுக்கு 14,000 ரூபாய் மிஞ்சும். கத்தாரில் இருக்கும் இரண்டாமவருக்கு இவரைவிட மாதம் 5,550 ரூபாய் கூடுதல். இரண்டு வருடத்துக்கு 1,33,200 ரூபாய். போவதற்காக ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்திருந்தால், மனைவி மக்களைப் பிரிந்திருந்த இரண்டு வருடத்தின் கூடுதல் சம்பாத்தியம் முழுவதும் அதை அடைக்கவே போதாது. வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் ஹராமான வட்டியும் சேர்ந்து சுமையாகிறது.

பதிவுபெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். இந்தக் கட்டணத்தோடு நின்றிருந்தால் அதே இரண்டு வருடத்தில் 97,800 ரூபாய் கையில் நின்றிருக்கும். லாபமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் சம்பளத்தைவிடப் போகும் செலவே முடிவு செய்கிறது.

அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள்

மொத்தச் சம்பளம் ஒன்று, அடிப்படைச் சம்பளம் வேறொன்று. ஓவர்டைமும் பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். கத்தாரில் வருடத்துக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. 1,000 ரியால் அடிப்படை என்றால் இரண்டு வருடத்துக்குச் சுமார் 1,400 ரியால். அமீரகத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் 21 நாள், அதன் பிறகு 30 நாள். எனவே அடிப்படையைக் குறைத்துப் படிகளைக் கூட்டி எழுதிய ஒப்பந்தத்தில் தொழிலாளிக்கு நஷ்டம்.

வேலை நேரமும் சம்பளத்தின் பகுதியே. கத்தாரில் வாரம் 48 மணி நேரம், ரமளானில் 36 மணி நேரம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு அடிப்படைக் கூலியோடு குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். 12 மணி நேர வேலைக்கான சம்பளத்தை ஊரின் 8 மணி நேரச் சம்பளத்தோடு ஒப்பிடுவது சரியாகாது. அதேபோல் ஊர் வேலையில் பி.எப்., இ.எஸ்.ஐ. இருந்தால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்திய அரசின் பாதுகாப்பு

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியகல்வு அனுமதி தேவை. இந்த நாடுகளுக்குத் தொழில்வாரியாகப் பரிந்துரை ஊதியத்தை இந்திய அரசு வகுத்திருக்கிறது. 2020இல் வளைகுடாவுக்கான தொகை குறைக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2021இல் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. இ-மைக்ரேட் இணையதளம் வழியாகச் செல்பவருக்கு ஒப்பந்தம் பதிவாகும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் சென்று வேலை தேடுபவருக்கு இவை எதுவும் இல்லை.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

1. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு?
2. அறை, உணவு, போக்குவரத்து யார் பொறுப்பு?
3. தினம் எத்தனை மணி நேரம்? ஓவர்டைம் எந்தக் கணக்கில்?
4. திரும்பி வரும் டிக்கெட்டும் விடுமுறைச் சம்பளமும் ஒப்பந்தத்தில் உள்ளனவா?
5. போகும் செலவு மொத்தம் எவ்வளவு? அது எத்தனை மாதத்தில் அடையும்?
6. ஊரில் இருந்தால் இதே காலத்தில் எவ்வளவு மிஞ்சும்?

கூலி எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹ் நூல்கள் வைக்கும் நிபந்தனை. கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதை நபிமொழிகள் வலியுறுத்துகின்றன. ஆகவே ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் சந்தேகப்படுகிறோம் என்ற கூச்சம் வேண்டியதில்லை. அது நம் உரிமை. அரபியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் இந்த ஆறு கேள்விகளையும் போகிறவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே, பல வீடுகள் கடனிலிருந்து தப்பும், இன்ஷா அல்லாஹ்.