கூழுக்கு எத்தனை பேர்?

ஒடியல் கூழைத் தனக்கு மட்டும் காய்ச்சிக் குடித்த ஒரு ஆளையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. சோறு ஒருத்தருக்கு ஆக்கலாம், புட்டு அவிக்கலாம், பாணும் சம்பலும் எண்டால் அஞ்சு நிமிச வேலை. கூழ் அப்படியில்லை. ஒரு நண்டு, நாலு இறால், ஒரு பயித்தங்காய், அரை மீன்தலை எண்டு அளந்து போட்டால் அது கூழாக வராது, ஏதோ ரசமாகத்தான் வரும். பானை பெரிசாக இருக்கவேணும். பானை பெரிசெண்டால் ஆக்கள் வேணும். அதனால் தீவுப்பகுதியில் கூழ் எண்ட பேச்சு எடுத்தால் என்ன போடுறது எண்டு கேட்க முதல் எத்தனை பேர் எண்டுதான் கேட்பினம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கத்துச் சரித்திரத்தை ஒருக்கால் பார்க்கலாம். கோட்டை, குதிரை, பெருக்கமரம் எண்டு எழுதினவை நிறைய. இந்தச் சனம் கையில் காசில்லாமல் எப்படிச் சந்தோசமாக இருந்தது எண்டு எழுதினது குறைவு.

தீவுகளில் நெல்லுக்கு ஏற்ற நிலம் கொஞ்சம். நல்ல தண்ணி அதைவிடக் கொஞ்சம். இருந்தது பனையும் கடலும். பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டு, தை மாசியில் கிழங்கு கிண்டி, பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனையின் 801 பயன்களைச் சொல்லுகிற 'தாலவிலாசம்' எண்டு ஒரு செய்யுள் நூல் உண்டு. வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதையும் குறிப்பிடுகிறார். 801 கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரு பனங்காணி இருந்த குடும்பம் பட்டினி கிடக்காது எண்ட நம்பிக்கைக்குள்ளே இருந்துதான் அந்தக் கணக்கு வருகிறது.

செய்முறை தெரியாத ஆக்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேருக்குக் கால் கிலோ ஒடியல் மா போதும். முதலில் மாவைத் தண்ணியில் ஊறவைத்து, தெளிந்த தண்ணியை இரண்டு மூன்று தரம் வடித்து ஊற்றவேணும், இல்லாட்டில் கசக்கும். ஒரு பிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, பயித்தங்காய் எல்லாம் முதலில் அவியட்டும். பிறகு மீன்தலை, நண்டு, இறால், அண்டைக்கு வலையில் என்ன பட்டதோ அது. செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்து, புளியும் உப்பும் கரைத்து விட்டு, கடைசியாக மாக்கரைசலை ஊற்றிக் கிண்டவேணும். இறக்கும்போது முருங்கையிலை. விலை கூடின மீனைக் கூழுக்குப் போடமாட்டினம், அது சந்தைக்குப் போகும். விக்க ஏலாத பொடிமீனும் கால் உடைஞ்ச நண்டும்தான் பானைக்கு. கூழின் சுவையே அந்த மிச்சங்கள் எல்லாம் ஒண்டாக வேகிறதிலை இருக்கு.

இந்தப் பானையை 500 வருசத்துக்கு முன்னால் திறந்து பார்த்தால் எங்களுக்கு அடையாளம் தெரியாது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயை இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயர். அதுக்கு முதல் உறைப்பு எண்டால் மிளகுதான். இண்டைக்கு 'எங்கட பாரம்பரியச் சாப்பாடு' எண்டு மார்தட்டிக்கொண்டு குடிக்கிற அந்தச் சிவப்புக் கூழுக்குள்ளே ஒரு காலனித்துவக் கப்பலே கிடக்குது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயரை 1658இல் துரத்தின ஒல்லாந்தர், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கோட்டைக்கு ஹம்மன்ஹீல் எண்டு பெயர் வைத்தார்கள். ஹம் எண்டால் உப்பிட்ட பன்றித்தொடை. இலங்கைப் படம் அவர்களுக்குப் பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம், இந்தக் கோட்டை நிற்கிற இடம் அதன் குதிக்கால். ஆண்டவர்களுக்கும் சாப்பாட்டு நினைவுதான் போல.

ஆனால் தீவுகளுக்கு வெளியாட்கள் வந்து போனது அதுக்கும் எவ்வளவோ முந்தின கதை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒண்டு இருக்கு. பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இண்டைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் குடுக்கவேண்டும் எண்டு சொல்லுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வியாபாரச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. வந்தவனைக் கவனிக்கிறதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது.

அதே நயினாதீவைத்தான் மணிமேகலையில் வருகிற மணிபல்லவம் எண்டு பலர் சொல்லுகினம். ஆய்வாளர் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை. மதுரையில் அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. பிறகு நாட்டில் மழை பெய்து விளைச்சல் பெருக, சாப்பிட வர ஆளில்லை. பசித்த சனத்தைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தீவில் வேறு மனுசர் இல்லை. கையில் வற்றாத பாத்திரம். தனக்கு மட்டும் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கைக்குள் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். இண்டைக்கு நயினாதீவில் திருவிழாக் காலத்தில் சனம் பந்திபந்தியாக இருந்து சாப்பிடுகிற அன்னதான மண்டபத்துக்குப் பெயரும் அமுதசுரபிதான்.

சாப்பாட்டுக்கு அடுத்தது இராத்திரி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வின்சர், வெலிங்டன், ராஜா, மனோகரா, ராணி எண்டு தியேட்டர்கள் இருந்தன. வேலணைக்காரர் மற்னி ஷோ பார்த்துப்போட்டுப் பண்ணைப் பாலத்தால் திரும்பலாம். செக்கண்ட் ஷோ எண்டால் பஸ் இல்லை. நெடுந்தீவாருக்கு வள்ளமும் இல்லை. பட்டினத்து இரவு தீவாருக்குக் கட்டாது. அதனால் இரவைத் தங்கட ஊருக்குக் கூப்பிட்டார்கள்.

கோயில் திருவிழாவெண்டால் ஊரே பாயோடு போகும். நாதஸ்வர தவில் கச்சேரி முடிய வில்லுப்பாட்டு, அது முடியக் கூத்து. 1989இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் பார்க்க வடக்கு முழுக்கச் சனம் அலைந்தது. காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும், கழுமரம் ஏறுகிற கட்டம் வர வானம் வெளிக்கத் தொடங்கிவிடும். சின்னப்பிள்ளைகள் 'கழு ஏறேக்கை எழுப்புங்கோ' எண்டு சொல்லிப்போட்டுக் கச்சான் சரையைக் கையில் பிடித்தபடியே நித்திரையாகுங்கள். ஊர்காவற்றுறை, கரம்பொன் பக்கத்துக் கத்தோலிக்கச் சனத்துக்குப் புனிதர்களின் கதைகளைச் சொல்லுகிற நாட்டுக்கூத்து. செலவு எண்டு பார்த்தால் கச்சானும் தேத்தண்ணியும்தான். 80களில் இதே பாயில் இருந்துதான் வீடியோப் படமும் பார்த்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு எண்டு காசு சேர்த்து ரீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்தால், விடியிறதுக்குள் மூன்று படமாவது ஓடி முடியும். மூன்றாவது படத்தின் கதை முழுசாகத் தெரிந்த ஒருத்தரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தக் காலம் பொற்காலம் எண்டு நினைக்கவேண்டாம். எத்தனை பேர் எண்ட கேள்விக்குப் பக்கத்தில் 'ஆர் ஆர்' எண்ட கேள்வியும் இருந்தது. பனையில் ஏறிக் கள்ளு இறக்கினவருக்கும், பறை அடித்தவருக்கும், அந்தக் கோயில் வீதியில் ஒரு எல்லை இருந்தது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிளாசில் தேத்தண்ணி குடுக்காமல் போத்தலிலும் பேணியிலும் ஊற்றிக் குடுத்தார்கள். ஒரு வாங்கில் இருந்து ஒரு கிளாஸ் பிளேன்டீ குடிக்கிறதைவிட மலிவான சந்தோசம் என்ன இருக்கு? அதுக்கே 60களின் கடைசியில் போராடவேண்டி வந்தது. புங்குடுதீவில் 1971இல் எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணி அள்ளுகிற உரிமைக்காக நின்று பொலிசிடம் அடி வாங்கினார். 1973இல் இளவயதிலேயே செத்துப்போனார். நல்ல தண்ணி குறைந்த ஊரில் கிணறுதான் அதிகாரம். கூழ்ப்பானைக்குத் தண்ணி எந்தக் கிணற்றிலிருந்து வந்தது எண்டதையும் சேர்த்துத்தான் இந்தச் சரித்திரத்தை எழுதவேணும்.

அந்தச் சண்டை தீர முதலே சனமே இல்லாமல் போச்சு. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்துக் குழந்தைகள் உட்படப் பலரை வெட்டிக் கொன்றார்கள். அதுக்குப் பிறகு கடற்பயணத்தில் இருந்த கலகலப்பு போய்விட்டது. 1990 ஓகஸ்டிலும் மறுபடி 1991இலும் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்க, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவுச் சனத்தில் பெரும்பங்கு குடாநாட்டுக்குள் ஓடியது. அங்கே பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து, மிதிக்கட்டையைக் கையால் சுத்தி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்ட காலம். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுக்குள் நாலு குடும்பம் இருந்ததால் பானை வைக்க ஆள் இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியாக்கள் கதைக்கேக்கை இடையிலை சிரிக்கிறது எனக்குக் கன காலம் விளங்கேல்லை.

பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ். திரும்பி வந்தவை கொஞ்சம். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் போகாமல் இருந்தவைக்குக் கடற்படைப் பாஸ், மீன்பிடித் தடை, ஊரடங்கு. இரவுத் திருவிழாக்களைப் பகலுக்கு இழுத்தார்கள். பகலில் கழுமரம் ஏறுகிற காத்தவராயனைப் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கும்.

இப்ப குறிகட்டுவானில் இறங்கிப் புங்குடுதீவுப் பக்கம் திரும்பி நடந்தால், நல்ல கல்வீடு, கூரை இல்லை, முற்றத்தில் பனங்கூடல். கொட்டை தானாக விழுந்து தானாக முளைக்குது, கிழங்கு கிண்ட ஆளில்லை. ஆனி மாசத்து நயினாதீவுத் தேருக்கு மட்டும் சில வீடுகள் திறக்கும். அந்த ரெண்டு கிழமைக்குள் எப்படியும் ஒரு நாள் கூழ் உண்டு.

ரொறன்ரோவில் கோடை வந்தால் பூங்காக்களில் ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்கள். ஊரிலிருந்து வந்த ஒடியல் மா, ஐஸ் பெட்டியில் இருந்த நண்டு, காஸ் அடுப்பில் பெரிய சருவம். பிளா இல்லை, கடதாசிக் கப். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணி வரும், உறைப்புத்தான். முதல் நாள் இரவு சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி மட்டும் சுத்திக்கொண்டிருக்கும்: நாளைக்கு எத்தனை பேர் வாறியள்?