எலியிலிருந்து பாரிசுக்கு: ஒரு வைரஸின் பயணம்

1960இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜான் மொலோனி, எலியின் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் அந்த வைரஸ் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

அதன் உள்ளே இருப்பது சுமார் 8,300 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. செல்லுக்குள் புகுந்ததும் அதை டி.என்.ஏ.வாகப் பெயர்த்து, குரோமோசோமை வெட்டி, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிடும். அந்த டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் ஜீன்களை முடுக்கும் ஊக்கிப் பகுதிகள் உண்டு. வைரஸின் ஜீன்களுக்காக அமைந்தவை அவை. ஆனால் அருகிலிருக்கும் செல்லின் ஜீனையும் முடுக்கிவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோழி வைரஸ் ஒன்று 'மிக்' என்ற வளர்ச்சி ஜீனின் அருகில் செருகிக்கொண்டு புற்றுநோயை உண்டாக்குவதை, 1981இல் வில்லியம் ஹேவர்டும் சகாக்களும் காட்டினார்கள். புற்றுநோய் ஜீன் எதையும் அந்த வைரஸ் சுமந்து வரவில்லை. அது போய் அமர்ந்த இடமே நோயைத் தந்தது.

குரோமோசோமில் நிலைத்துவிடும் இந்தக் குணமே மருத்துவர்களை ஈர்த்தது. மொலோனி வைரஸின் சொந்த ஜீன்களை நீக்கி, அந்த இடத்தில் சிகிச்சைக்கான ஜீனை வைத்து, அதைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் கடத்தியாக மாற்றினார்கள். 1999இல் அது பாரிசின் நெக்கர் மருத்துவமனையை அடைந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் பழுதானதால் நோய் எதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அலெய்ன் ஃபிஷர், மரினா கவஸானா-கால்வோ குழு அவர்களின் எலும்பு மஜ்ஜை செல்களில் இந்தக் கடத்தி வழியே நல்ல ஜீனைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியது. பெரும்பாலான குழந்தைகள் கிருமிகளை எதிர்த்து நின்றார்கள், வீடு திரும்பினார்கள்.

2002இல் அவர்களில் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆராய்ந்தபோது, 11ஆம் குரோமோசோமில் எல்.எம்.ஓ.2 என்ற ஜீனின் அருகே வைரஸ் அமர்ந்திருந்தது. நோய் எதிர்ப்புக்கான முதிர்ந்த டி செல்களில் அடங்கியிருக்க வேண்டிய அந்த ஜீனை, ஒரு செல்லில் வைரஸின் ஊக்கி இயக்கிவிட்டது. அந்த ஒரு செல் வேறு மரபணுப் பிழைகளையும் சேர்த்துக்கொண்டு பெருகியது. பாரிசிலும், இதே போன்ற சிகிச்சை நடந்த லண்டனிலும் சிகிச்சை பெற்ற 20 சிறுவர்களில் ஐவருக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. நால்வரிடம் அகப்பட்டது எல்.எம்.ஓ.2 தான். ஒரு சிறுவன் இறந்தான்.

அறிவியல் அந்த மரணத்தை மறைக்கவில்லை. முனைகளிலிருந்த வலுவான ஊக்கிகளை வெட்டியெறிந்து புதிய கடத்திகளை உருவாக்கினார்கள். அவற்றால் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் முதல் முடிவுகள் 2014இல் வெளியானபோது, எவருக்கும் ரத்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை.

ஆனாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. குரோமோசோமில் செருகும் கடத்திகளால் சிகிச்சை பெறுவோரை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஜீன் சிகிச்சை எந்த நாட்டில் நடந்தாலும், இந்த நீண்ட கண்காணிப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவர்கள் கொள்ள வேண்டும். பெற்றோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.