காட்டெருமைச் சின்னம் தரித்த படை

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய மண்ணில் போரிட்ட அமெரிக்கக் காலாட்படை டிவிஷன்கள் பலவற்றின் புகழ், அவை மீட்ட நகரங்களின் பெயரோடு நிலைபெற்றுவிட்டது. 92ஆவது டிவிஷனுக்கு அப்பேறு எளிதில் வாய்க்கவில்லை. இத்தாலியில் அது பின்வாங்கிய நாட்களே நெடுங்காலம் போர் வரலாற்று ஏடுகளில் எடுத்துரைக்கப்பட்டன. அந்த ஏடுகளில் இடம்பெறாது போனவை எவை என்று நாம் சற்றே நின்று நோக்குதல் தகும்.

1942 அக்டோபரில் இந்த டிவிஷன் அமைக்கப்பட்டபோது அமெரிக்க இராணுவம் நிறத்தால் இரண்டுபட்டுக் கிடந்தது. இதன் சிப்பாய்கள் அனைவரும் கறுப்பர். உயர் அதிகாரிகள் வெள்ளையர். மேற்கு எல்லையில் முன்னாளில் பணியாற்றிய கறுப்புக் குதிரைப்படையினரைக் காட்டெருமை வீரர் என்று அழைப்பது வழக்கம். அதன் நினைவாகவே தோளில் அவ்விலங்கின் உருவைத் தரித்தனர். தளபதி எட்வர்ட் ஆல்மண்ட் வர்ஜீனியா மாநிலத்தவர். கறுப்பரின் போர்த்திறனில் நம்பிக்கை அற்றவர். தம் வீரரை நம்பாத தளபதியின்கீழ் ஒரு படை போர்க்களம் புகுவதைவிடப் பெரிய இடர் வேறென்ன இருக்க முடியும்? வீரருள் பெரும்பாலோர் இராணுவத்தின் தகுதித் தேர்வில் கடைநிலை வகுப்புகளில் வைக்கப்பட்டவர்கள். பள்ளிக்கூடத்தை அவர்களுக்கு முறையாகத் திறந்துவிடாத நாடே அத்தேர்வையும் நடத்தியது என்பதை நாம் மறத்தலாகாது.

1944 ஆகஸ்டில் இதன் முதல் ரெஜிமெண்ட் இத்தாலியை அடைந்தது. கடற்கரையிலிருந்து செர்க்கியோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை பரந்த மலைப்பாங்கான முனை இந்த டிவிஷனின் பொறுப்பில் விடப்பட்டது. டிசம்பர் 26ஆம் நாள் ஜெர்மானியரும் அவர்களோடு சேர்ந்த இத்தாலியப் படையினரும் அப்பள்ளத்தாக்கில் திடீரெனத் தாக்கினர். சொம்மொகொலோனியா என்னும் மலையூருக்குள் முதல்நாள் இரவே பகைவர் சிலர் ஊர்மக்களைப்போல் உடையணிந்து புகுந்திருந்தனர். அமெரிக்கப் படையினருள் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு விலக நேர்ந்தது. லெப்டினன்ட் ஜான் ஃபாக்ஸ் மட்டும் ஒரு சிறு குழுவினரோடு ஒரு வீட்டின் மாடியில் தங்கி, பீரங்கிகளுக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். பகைவர் நெருங்க நெருங்கக் குண்டுவீச்சையும் தம்மருகே இழுத்தார். முடிவில் தாம் நின்ற இடத்தின்மீதே சுடச் சொன்னார். ஊர் மீட்கப்பட்டபோது அவருடைய உடலைச் சூழ ஏறத்தாழ 100 ஜெர்மானியரின் சடலங்கள் கிடந்தன.

அன்று உடைந்த முனையைத் தாங்க விரைந்தது 8ஆவது இந்திய டிவிஷன் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பஞ்சாபியரும் எல்லைப்புற மாகாணத்தாரும் அடங்கிய அப்படை, சில நாட்களிலேயே இழந்த நிலப்பரப்பை மீட்டது. சொந்த நாட்டில் சம உரிமை பெறாத ஒரு கூட்டமும், சொந்த நாட்டையே அந்நியரிடம் இழந்திருந்த மற்றொரு கூட்டமும் பிறர் விடுதலைக்காக ஒரே பள்ளத்தாக்கில் நின்றன!

1945 பிப்ரவரியில் கடற்கரையோரம் நடந்த தாக்குதலும் தோல்வியுற்றது. பழி வீரர்மேலேயே விழுந்தது. ஆனால் ஏப்ரல் 5, 6 ஆகிய நாட்களில் அகினோல்ஃபி கோட்டையருகே லெப்டினன்ட் வெர்னன் பேக்கர் செய்ததென்ன? பகைவரின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தாமே அணுகி அழித்தார். காயமுற்றோர் வெளியேறும்வரை பகைவரின் சுடுதலைத் தம்மீது ஈர்த்து நின்றார். மறுநாள் இரவு மீண்டும் படையை முன்னடத்திச் சென்றார்.

அந்தப் போருக்காக வழங்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட உயரிய வீரப் பதக்கங்களுள் ஒன்றுகூட அந்நாளில் கறுப்பர் எவருக்கும் கிடைக்கவில்லை. பேக்கருக்கு அடுத்தபடியான பதக்கத்தோடு முடிந்தது. ஃபாக்ஸுக்கு அதுவும் 1982ஆம் ஆண்டில்தான் வந்தது. சொம்மொகொலோனியா மக்களோ, அன்று மாண்ட இத்தாலியர் எண்மரோடு ஃபாக்ஸையும் சேர்த்து நினைவுச் சின்னம் எழுப்பினர். 1993இல் அமெரிக்க இராணுவம் இந்தப் புறக்கணிப்பின் காரணத்தை ஆராயும்படி ஷா பல்கலைக்கழகத்தாரைப் பணித்தது. நிறவேற்றுமையே காரணம் என்று ஆய்வு கண்டது.

1997 ஜனவரி 13ஆம் நாள், வெள்ளை மாளிகையில், கறுப்பின வீரர் எழுவருக்கு அப்பதக்கம் அளிக்கப்பட்டது. எழுவருள் உயிரோடு இருந்தவர் 77 வயதான பேக்கர் ஒருவரே. ஃபாக்ஸுக்குரியதை அவருடைய துணைவியார் பெற்றுக்கொண்டார்.