மரணச் செவ்வளையம்

மரணச் செவ்வளையம் என்பது மைக்ரோசாஃப்ட் 2005 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் கருவியில் பரவலாக ஏற்பட்ட வன்பொருள் பழுதைக் குறிக்கும் பெயர். ‘ரெட் ரிங் ஆஃப் டெத்’ என்று பயனர்கள் சூட்டிய பட்டப்பெயரின் தமிழாக்கம்.

பவர் பொத்தானைச் சூழ்ந்த விளக்கு வளையம் நான்கு பகுதிகளால் ஆனது. இரண்டு பகுதிகள் சிவந்தால் கருவி அளவுமீறிச் சூடேறியுள்ளது. மூன்று சிவந்து மினுங்கினால் இப்பழுது. நான்கும் சிவந்தால் அச்சம் தேவையில்லை: டிவிக்குச் செல்லும் கேபிள் கழன்றிருக்கும்.

இயங்கும்போது சூடேறுவதும் அணைத்ததும் குளிர்வதும் மாறிமாறி நிகழ்ந்ததால், சில்லுகளுக்குள் இருந்த நுண் இணைப்புகள் விரிந்து சுருங்கி முறிந்தன. ஆகவே தொடர்ந்து ஓடுவதைவிட, அடிக்கடி நிறுத்தி மீண்டும் இயக்குவதே கருவியைப் பெரிதும் பாதித்தது. துண்டால் சுற்றிச் சூடேற்றும் கைவைத்தியம் சிலருக்குத் தற்காலிகப் பலன் தந்தது. ஆயினும் அது ஆபத்தானது, பழுதையும் நீக்காது.

2007 ஜூலையில் இப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டித்த நிறுவனம், அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. மையச் செயலியையும் வரைகலைச் செயலியையும் ஒரே சில்லில் இணைத்த மெலிந்த வடிவம் 2010இல் வந்தது. அதன் விளக்கு வளையத்தில் சிவப்பு விளக்குகளே இல்லை.