பாலத்தைக் கடந்த பாதங்கள்

தாகத்தால் தவித்த தம் மகவுக்காக அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடிய ஓட்டத்தை, ஹஜ்ஜுக்குச் செல்வோர் இன்றளவும் தம் கால்களாலேயே நினைவுகூர்கின்றனர். வணக்கத்துக்கு இணையாக வேறெதனையும் நாம் வைப்பதற்கில்லை. ஆயினும், பட்ட துன்பத்தை நடந்தே நினைவில் நிறுத்தும் வழக்கம் மனித குலத்தில் வேறிடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள செல்மா என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் மார்ச்சுத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அலபாமா ஆற்றின் மேலுள்ள பாலத்தை நடந்து கடக்கின்றனர்.

1940-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் பெயர் எட்மண்ட் பெட்டஸ் பாலம். பெட்டஸ் யார்? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர். பின்னர் அமெரிக்க மேலவை உறுப்பினர். கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் சொல்லப்படுபவர். அவர் பெயரைத் தாங்கிய பாலத்தின் மீதே அவ்வினத்தின் உரிமைக்குரல் எழுந்தது வரலாற்றின் விந்தை.

செல்மாவைச் சேர்ந்த மாவட்டத்து மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். எனினும் 1965-இன் தொடக்கத்தில், வாக்குரிமை வயதை எட்டிய அவர்களுள் நூற்றுக்கு இருவர் அளவே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். பதிவு அலுவலகம் திங்களுக்கு இரண்டே நாட்கள் திறக்கும். திறந்தாலும், எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரால் விடை காணவியலாத வினாக்களைத் தொடுத்துத் திருப்பி அனுப்புவர். சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது. அலுவலக வாயிலில் அது மறைந்து போயிற்று.

அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் செல்மாவின் பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் உரையாற்றியவர் நாம் நன்கறிந்த மால்கம் எக்ஸ். முந்தைய ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றி, எல்லா நிறத்தவரும் ஒரே அணியில் நிற்பதைக் கண்டு உள்ளம் மாறித் திரும்பிய அல்ஹாஜ் மாலிக் அவர். மார்ட்டின் லூதர் கிங் அப்போது சிறையில் இருந்தார். கிங்கின் பணியைக் கடினமாக்கத் தாம் வரவில்லை என்ற கருத்தை அவருடைய துணைவியாரிடம் மால்கம் தெரிவித்தார். போராட்ட முறையில் இருவரும் வேறுபட்டவர்களே. எனினும் வேற்றுமை பகையாகாதவாறு அவர் காத்தார். பதினேழு நாட்களில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே மாதத்தில், அருகிலுள்ள மேரியன் என்னும் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞர் மாநிலக் காவலரால் சுடப்பட்டு மாண்டார். அந்த மரணத்துக்கு நீதி கேட்டும், வாக்குரிமை கேட்டும், தலைநகர் மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடப்பதென முடிவாயிற்று. மார்ச்சு 7, ஞாயிறு. ஜான் லூயிசும் ஹோசியா வில்லியம்சும் முன்னடக்க, சுமார் 600 பேர் புறப்பட்டனர். பாலம் நடுவில் உயர்ந்திருப்பதால் மறுகரை முதலில் புலப்படவில்லை. உச்சியை எட்டியதும் கண்டனர், அணிவகுத்து நின்ற காவலரை! கண்ணீர்ப்புகை பாய்ந்தது, தடிகள் சுழன்றன, குதிரைகள் கூட்டத்தில் புகுந்தன. லூயிசின் மண்டையோடு பிளந்தது. அமீலியா பாய்ன்டன் என்ற அம்மையார் அடிபட்டு நினைவிழந்தார். அன்றிரவு தொலைக்காட்சியில் இக்கொடுமையைக் கண்ட நாடு நாணியது.

மார்ச்சு 9 அன்று கிங்கின் தலைமையில் மீண்டும் வந்தனர். நீதிமன்றத் தடை இருந்ததால், பாலத்தைக் கடந்ததும் மண்டியிட்டுத் தொழுதுவிட்டுத் திரும்பினர். திரும்பியது தோல்வி எனப் பலர் குமுறினர். ஆனால் தடை நீங்கியது. மார்ச்சு 21 அன்று 3,200 பேராகப் புறப்பட்டு, 25-ஆம் நாள் 25,000 பேராக மாண்ட்கோமரியை அடைந்தனர். ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. அச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது.

அந்நடையின் நினைவே இன்றைய ஆண்டு நடை. முதியோர் சக்கர நாற்காலியில் வருகின்றனர். தந்தையர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி வருகின்றனர். 2015-இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவில், லூயிசுடன் குடியரசுத் தலைவர் ஒபாமா நடந்தார். 2020 ஜூலையில் லூயிசின் உடல் தாங்கிய குதிரை வண்டி, ரோஜா இதழ்கள் தூவிய அதே பாலத்தை இறுதியாகக் கடந்தது.

பாலத்தின் பெயரை மாற்ற வேண்டுமென்று பலர் கேட்டபோது, மாற்ற வேண்டாமென்று கூறியவர்களுள் லூயிசும் ஒருவர். காயத்தின் தழும்பை அழித்தால் காயம் எப்படி வந்ததென்பதும் மறந்துவிடும் அல்லவா?

எனினும் நினைவுகூர்தல் மட்டும் உரிமையைக் காத்துவிடாது. தேர்தல் விதிகளை மாற்றுமுன் சில மாநிலங்கள் மைய அரசின் ஒப்புதலைப் பெறவேண்டுமென்ற விதி அச்சட்டத்தில் இருந்தது. எந்தெந்த மாநிலங்கள் என்பதை வரையறுத்த பிரிவை 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளிக்க, ஒப்புதல் விதியும் செயலற்றுப் போயிற்று. வழக்குத் தொடுத்தது அதே அலபாமாவின் ஒரு மாவட்டம்! ஆகவே அங்கு நடப்போர் வெறும் பழங்கதைக்காக நடக்கவில்லை.

வாக்குச் சாவடிக்கு நாம் நடக்கும் தொலைவு சில நூறு அடிகளே. பட்டியலில் நம் பெயர் இருக்கின்றதா என்று பார்க்கவும் சோம்பி வீட்டிலிருப்போர் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு சீட்டுக்காக மண்டை பிளக்க நின்ற மக்களை எண்ணிப் பார்ப்போமாக. பெற்ற உரிமையைப் பேணுதலும் அமானிதமே.